தடுத்த பந்துக்குப் பிறகு

என் மூத்த சகோதரரை, எங்கள் காக்காவை, மாவட்டமே அறியச் செய்தது ஒரு சிறு காணொளி. எங்கள் ஊர் அணிக்கும் தேவிபட்டினம் அணிக்கும் நடந்த கால்பந்து இறுதி ஆட்டம். எதிரணி ஃபார்வர்டு பந்தோடு தனியாக வருகிறார். கோல் கம்பத்தை விட்டு ஓடிவந்த காக்கா, காற்றில் எழும்பிப் பந்தை மார்போடு அணைத்துக்கொள்கிறார். "பறக்குறான் பாருல!" என்று ஒரு குரல் கேட்கிறது. அத்தோடு படம் முடிந்துவிடும்.

எழும்பியபோது மடங்கிய காக்காவின் முழங்கால் அந்த ஃபார்வர்டின் விலாவில் இறங்கியதைப் படம் காட்டாது. பந்து கீப்பரின் கையில் இருந்ததால் நடுவர் விசில் ஊதவில்லை. மதுரை மருத்துவமனையில் அந்த ஃபார்வர்டின் ஒரு சிறுநீரகத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

காக்கா மாநில அணிக்கு ஆடினார். வெளிமாநிலக் கிளப்புகள் அவரை அழைத்துக்கொண்டன. ஊருக்கு வரும்போதெல்லாம் உம்மாவிடம் சொல்லாமல் தேவிபட்டினம் போய் அந்த ஃபார்வர்டைப் பார்த்துவருவார்; இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள். படகு வேலைக்குத் திரும்பிவிட்ட அந்த நண்பர் ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. அந்தப் பெருந்தன்மையே காக்காவை அரித்தது.

சென்ற ஆண்டு காக்கா ஓய்வு பெற்றதும் ஊரில் பாராட்டு விழா ஏற்பாடாயிற்று. நண்பரை அழைக்க நானும் உடன் போனேன்.

"எனக்கும் சால்வை போத்துவாகளா பாய்?" என்று காக்காவிடம் கேட்டார் நண்பர்.

"சால்வை இல்ல, பிரியாணி உண்டு."

"அப்ப கட்டாயம் வாரேன்."

மேடையில் திரை கட்டி அந்தக் காணொளியைப் போட்டார்கள். விசில் பறந்தது. காக்கா எழுந்து, "மிச்சத்தையும் போடு" என்றார்.

"மிச்சமா? அம்புட்டுத்தான் காக்கா இருக்கு" என்றான் படம் போட்ட பையன்.

காக்கா மைக்கை வாங்கினார். முழங்கால், விலா, அறுவை சிகிச்சை என்று நடந்ததை நடந்தபடி சொன்னார். "ஒத்தக் கிட்னியோட வாழுற அந்த ஆளு அந்தா உக்காந்திருக்காப்ல. மரியாதை செய்யணும்னா அவருக்குச் செய்யுங்க." எல்லாத் தலைகளும் திரும்பின. பெண்கள் பகுதியில் இருந்த எனக்கு, ஓர் உண்மை சபையேறிவிட்ட நிறைவு ஏற்பட்டது. நண்பர் எழுந்து சாப்பிடாமலே வெளியேறியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் படகில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது. கல்லுக்கு ஆபரேஷன் என்று சொல்லித்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். காக்காவின் பேச்சை யாரோ படமெடுத்துப் பரப்ப, அது தேவிபட்டினத்துக் கைப்பேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் தன்னால் பொறுப்பேற்க முடியாது என்று படகுக்காரர் அவரை நிறுத்திவிட்டார். அந்த அச்சத்தையும் அநியாயம் என்று தள்ள என்னால் இயலவில்லை. பிற படகுகளும் அவரை ஏற்றவில்லை. 'ஒத்தக் கிட்னி' என்பதே அவருடைய பெயராகிவிட்டது.

நாங்கள் அவர் வீட்டுக்குப் போனபோது அவர் வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கிரவுண்டுல நீ என்னைய இடிச்சது ஆட்டம் பாய். அதுல எனக்குக் கோவமே இல்ல. இது ஆட்டமா? சொல்லலாமான்னு என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"



உள்ளிருந்து அவர் மனைவி, "டீ போடவா?" என்று கேட்டார்.

"வேணாம்," என்றார் அவர். "கெளம்பிட்டாக."