டூட்டி முடிந்தால் வீட்டுக்கு

மார்பில் இருந்த கட்டியை எடுத்தே ஆக வேண்டும், எடுத்த பிறகும் மாசக்கணக்கில் மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு என் உடம்பு ஞாபகமே வரவில்லை. "அவரை யார் பாத்துப்பாங்க?" என்று மருமகள் காதில்தான் கேட்டேன். ஆம்பளை டாக்டர் எதிரில் வாய் திறந்து பேச எனக்கு வராது. அவள்தான் எடுத்துச் சொன்னாள்.

"மாமாவுக்கு மறதி வியாதி சார். அத்தைதான் எல்லாம் பண்ணுவாங்க. குளிப்பாட்றது, ஊட்டறது எல்லாமே."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இனிமே உங்களையே ஒருத்தர் பாத்துக்கணும்மா," என்றார்.

என் வீட்டுக்காரர் ஒரகடத்தில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தவர். தலை முழுக்க நரைத்த பிறகும் வேலையை விடவில்லை. மறதி வந்து மகன் பேர் போச்சு, தெரு போச்சு, சாப்பிட்டோமா இல்லையா என்பதும் போச்சு. கேட் மட்டும் போகவில்லை. பென்னலூரில் எங்கள் வாசலுக்கு யார் வந்தாலும், "யாரைப் பாக்கணும்? பையைத் தெறந்து காட்டு," என்பார். பால்காரர் தினமும் கேனைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பால் ஊற்றுவார். "போலாமா சார்?" என்று கேட்டு, இவர் தலையாட்டிய பிறகுதான் வண்டியை எடுப்பார்.

பகலில் கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை ஏற்பாடு செய்தார்கள். வந்த உடனே இவர் அவள் பையை இழுத்து உள்ளே கையை விட்டுவிட்டார்.

"இன்னாம்மா, என்னைத் திருடின்னு நெனச்சுக்கினாரா?" என்று கத்தினாள்.

நான் அவள் கையைப் பிடித்துச் சமாதானம் சொன்னேன். சாயங்காலம் கிளம்பும்போதும் பையைக் கேட்டார். அதோடு சரி, அவள் திரும்பி வரவில்லை. மகனுக்கு மாறி மாறி ஷிப்ட். மருமகளுக்கும் ஒரு கம்பெனியில் லைன் வேலை, ஒரு நாள் போகாவிட்டாலும் சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேச மாட்டாராம். யாரை என்ன சொல்வது?

கடைசியில் வாலாஜாபாத் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு இல்லத்தில் இவரைப் போன்றவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று மகன் விசாரித்து வந்தான். ஆனால் இவர் கார் ஏறணுமே. வெளியே கூப்பிட்டாலே கதவைப் பிடித்துக்கொள்கிறவர். மகனுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"மா, நைனாவோட யூனிபார்ம் கீதா?"

இருந்தது. நீலச் சட்டை, பெல்ட், தொப்பி, விசில். இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

"நைனா, புது கம்பெனில உனக்கு டூட்டி போட்டுக்கீறாங்க."

அவ்வளவுதான் சொன்னான். யாரும் கை கொடுக்காமல் எழுந்தார். பட்டனைத் தானே போட்டுக்கொண்டார். நாங்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அங்கே போய் இறங்கியதும், எதிரே வந்த சிஸ்டருக்கு விறைப்பாக ஒரு சல்யூட். சிஸ்டரும் சிரித்துக்கொண்டே திருப்பி ஒரு சல்யூட் அடித்தார். மருமகள் சிரித்தாள், நானும்தான் சிரித்தேன். கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். நாங்கள் கிளம்பியபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. டூட்டியில் இருந்தால் வீட்டு ஆளைக் கண்டுகொள்ள மாட்டார், எப்போதுமே அப்படித்தான். அதனால் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து, கையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். மகன் வந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னாடா?"

"ஒண்ணும் இல்லமா."

"சொல்லு."

"நைனா அங்க சாப்பிட மாட்டேங்கறாராம். உக்காரவும் மாட்டேங்கறாரு. படுக்க வெச்சா எந்திரிச்சி கேட்டுக்கு ஓடறாரு. காலு வீங்கிக் கீதாம்."

கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ரிலீவர் வரவில்லை. அடுத்த ஷிப்ட் ஆள் வந்து நிற்காமல் செக்யூரிட்டி கேட்டை விட்டு நகரக் கூடாது. ஒரு பெருமழையில் ரோடெல்லாம் ஏரியாகி, மாற்ற ஆள் வர முடியாமல், அவர் அங்கேயே நின்று ஊறிப்போன காலோடு வந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், டூட்டி என்று கொண்டுபோய் விட்டோம், மாற்ற ஆள் அனுப்பவில்லை.

"நீ போயி ரிலீவர்னு சொல்லு," என்றேன்.

அன்றைக்கே, தன் கம்பெனி சட்டையோடு போனான். அங்கிருந்து போன் வந்தது. மருமகள் என் காதில் வைத்தாள். அழுதுகொண்டே பேசினான்.

"மா, ரிலீவர்னு சொன்னதும் விசிலைக் கழட்டிக் குடுத்துட்டாரு. எல்லாம் ஓகேன்னாரு. செருப்பை மாட்டிக்கினு ரோட்டுக்கு வந்துட்டாருமா. டூட்டி முடிஞ்சிது, வூட்டுக்குப் போவணும்ங்கறாரு. வூட்ல அவ தனியா கீறாளாம். இட்டுக்கினு வந்துடட்டுமா?"

ரிலீவர் வந்தால் வீட்டுக்குத்தானே போவார்கள். அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.

இட்டுக்கினு வா என்று வாய் வரைக்கும் வந்தது. மார்பில் கட்டு, பக்கத்தில் ரத்தம் வடிகிற குழாய். அவரைக் குளிப்பாட்ட எனக்குக் கை இல்லை. மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனை அவருகிட்ட குடு," என்றேன்.

"இந்தாமே," என்றார்.

என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் அப்படிக் கூப்பிட்டு ரொம்ப நாளாகியிருந்தது. வீட்டில் எதிரே போய் நின்றால் என்னையும் யாரைப் பாக்கணும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் வூட்ல இல்லீங்க."

"எங்க போயிக்கீற?"

"ஊருக்கு வந்துக்கீறேன். வூடு பூட்டிக் கீது, யாரும் இல்ல. நீங்க டபுள் டூட்டி பாத்துக்கோங்க. அங்கியே சாப்பிட்டு அங்கியே படுத்துக்கோங்க."

 போனில் லாரி போகிற சத்தம் கேட்டது.

"பூட்டை இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேங்க."

"சரி. வரும்போது சொல்லு. நான் வந்து இட்டாறேன்."

"சொல்றேங்க," என்றேன். மருமகள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு சாப்பிட்டார், படுத்தார். டபுள் டூட்டி என்று சிஸ்டர்களும் சொல்லிப் பழகிக்கொண்டார்கள். "வூட்டைப் பத்திப் பேசறதே இல்லமா," என்று மகன் சந்தோஷமாகத்தான் வந்து சொன்னான். "என்னைப் பத்தி?" என்று கேட்டேன். அவன் மாத்திரைகளை எடுத்து எது காலைக்கு, எது ராத்திரிக்கு என்று பார்க்க ஆரம்பித்தான்.

மருந்து ஏற்றத் தொடங்கி முடியெல்லாம் கொட்டியது. ஒரு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, அவரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றேன். மகன் சிஸ்டருக்குப் போன் போட்டான். "அம்மாவைப் பாத்தா வீடு தெறந்துடுச்சின்னு நெனச்சிப்பாருப்பா. அப்புறம் எங்களால புடிக்க முடியாது. வெளியிலேர்ந்தே பாத்துட்டுப் போகட்டும்," என்று சிஸ்டர் சொன்னது எனக்கும் கேட்டது.

கேட்டுக்கு எதிரில் காரை நிறுத்தினான். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெண் தட்டைப் பிடித்துக்கொண்டு ஊட்டினாள், வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். தாடைக்குக் கீழே சரியாக ஷேவ் பண்ணாமல் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் வராது.

அவர் காரைப் பார்த்துவிட்டார். வாயில் சோற்றோடு எழுந்து கேட் கம்பிக்கு வந்தார். நான் முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டேன்.

"ஏய், கேட்டாண்ட வண்டிய நிறுத்தாத! எடு, எடு!"

மகன் திரும்பி என்னைப் பார்த்தான்.

"எடுடா," என்றேன்.

அவர் குரல் கணீரென்று இருந்தது. சாப்பாடு உடம்பில் ஒட்டுகிறது.