அலை போடுகிறவர்

பகோதி முதல் தேங்காயைத் தண்ணீரிலிருந்து எடுத்து, அதைத் திட்டிவிட்டுப் படகுக்குள் எறிகிறார். இரண்டாவது தேங்காய்க்கு வேறு வசவு. விமானம் இறங்கும் பாதையில் ஒரு தேங்காய் மிதந்தாலும் விமானத்தின் அடிவயிறு கிழிந்துவிடும் என்பதால் அவர் எதையும் விட்டுவைப்பதில்லை: ஓலை, கட்டை, ஒருமுறை எங்களோடு வேலை பார்க்கும் ரூராவின் தொப்பி. பொறுக்கிய தேங்காயெல்லாம் அவர் வீட்டுப் பன்றிகளுக்கு. கேட்டால், "அரசாங்கத் தேங்காய் அரசாங்கப் பன்னிக்குத்தானே போவுது" என்பார். இந்தத் தீவில் அரசாங்கத்துக்குப் பன்றி கிடையாது.

எங்கள் காயலில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தாஹித்தியிலிருந்து ஆக்லாந்து போகும் விமானம் வந்து இறங்கும். சக்கரம் இல்லாதது. படகு போன்ற அடிப்பாகத்தோடு தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே ஏறும். எண்ணெய் நிரப்பும் இரண்டு மணி நேரமும் பயணிகள் கரையோரம் குளித்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒயர்லெஸ்ஸைக் கவனித்து, காற்றின் வேகத்தைக் குறிப்பவன். ரூரா எண்ணெய்ப் பீப்பாய் உருட்டுகிறவர். பகோதி விசைப்படகு ஓட்டுகிறவர்.

தேங்காய் பொறுக்குவது அவருக்குப் பாதி வேலைதான். மறு பாதியைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். காற்றே இல்லாத நாளில் காயல் கண்ணாடியாகிவிடும். அப்போது தண்ணீர் விமானத்தின் அடியைப் பிடித்துக்கொண்டு விடாது. எவ்வளவு ஓடினாலும் எழும்பாது. பகோதி விமானத்துக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் படகை ஓட்டி அலை கிளப்ப வேண்டும். அந்த அலைகள் மேல் ஓடினால் பிடி விட்டுப்போகும். "நல்லா இருக்கற தண்ணியைக் கெடுக்கறதுக்கு ஒரு சம்பளம். எங்கப்பா இருந்தா என்னைத் துடுப்பாலேயே அடிச்சிருப்பாரு" என்று தாழை ஓலைத் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார்.

மகா கருமி. விமானம் தண்ணீரை விட்டு எழும்பும் அதே கணத்தில் இன்ஜினை அணைத்துவிடுவார். வெயிலில் அரை மைல் துடுப்புப் போட்டு வருவாரே தவிர, ஒரு சொட்டு பெட்ரோல் கூடுதலாகச் செலவழிக்க மாட்டார். எழும்பிய விமானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "மேல போனது நம்ம சோலி இல்ல தம்பி. தண்ணியில இருக்கற வரைக்கும்தான் நான்."

அவருடைய மகள் தேபாயெருவுக்கு ஆக்லாந்தில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. மூன்று வருட ஒப்பந்தம். டிக்கெட்டையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். குறித்த திங்களன்று போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்தவளுக்குப் போய்விடும். தாயில்லாத பெண், ஒரே மகள். பகோதி மூன்று வாரம் அவளோடு பேசவில்லை. எங்களிடம் மட்டும் சொன்னார்: "போறவ போகட்டும். ஆனா அலை மட்டும் என்கிட்ட கேக்கக் கூடாது."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அவர் இடத்தில் இருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன் என்று தெரிந்ததால் வந்த கோபம்.

போன மாதம் அவள் கிளம்பிய அன்று காற்று பூஜ்யம் என்று குறித்தேன். விமானம் காயலின் நீளம் முழுக்க ஓடியது, எழும்பவில்லை. திரும்பி வந்து இன்னொரு தடவை ஓடியது. அப்போதும் எழும்பவில்லை. பகோதி துறையை ஒட்டிப் படகில் உட்கார்ந்து, துணியால் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்ஜின் பிளக்கு நனைஞ்சு போச்சு."

"பிளக்கு எங்கண்ணே நனைஞ்சுது? கண்ணுல்ல நனைஞ்சிருக்கு" என்றார் ரூரா.

"வாயை மூடுறா, பீப்பாய்."

கேப்டன் ஒயர்லெஸ்ஸில் பேசினார். இன்னும் ஒரே ஒரு ஓட்டம். அதிலும் எழும்பாவிட்டால் கடைசியாக ஏறிய இருவரை இறக்கிவிட்டுப் பாரத்தைக் குறைத்துக்கொண்டு போய்விடுவாராம். நான் துறைக்கு ஓடினேன்.

"அண்ணே, இந்தத் தடவையும் எழும்பலன்னா ரெண்டு பேரை இறக்கிடுவாங்க. அதுல உங்க பொண்ணும் ஒருத்தி."

அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. "அவகிட்ட சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"அதுக்கு என்ன சொன்னாளாம்?"

கேப்டன் சிரித்துக்கொண்டே சொன்னதை அப்படியே சொன்னேன். "இறங்க மாட்டேன்னுட்டாளாம். 'எங்கப்பா அலை போடுவாரு, கொஞ்சம் இருங்க'ன்னாளாம்."

பகோதி என்னையே பார்த்தார். பிறகு துணியைக் கீழே போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். இன்ஜின் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது.

அன்று போட்டதுபோல அவர் என்றைக்கும் அலை போட்டதில்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக, படகு ஒரு பக்கம் சாயச் சாயத் திருப்பி, கண்ணாடியை நொறுக்கிப் போட்டார். அவர் பாதையை விட்டு ஒதுங்கியதும் விமானம் ஓடி வந்தது. அலைகள் அடியில் தட்டத் தட்ட ஒரு குலுங்கு குலுங்கித் தண்ணீரை விட்டுப் பிரிந்து, தென்னைகளுக்கு மேலே போயிற்று.

நான் உள்ளே போய் அறிக்கை எழுதினேன். தாமதத்துக்குக் காரணம்: பிளக் நனைந்தது. ரூராவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தபோதும் இன்ஜின் சத்தம் நிற்கவில்லை. வானத்தில் ஒன்றுமில்லை. காலியான காயலில் பகோதி குறுக்கும் நெடுக்குமாக அலை போட்டுக்கொண்டே இருந்தார்.