முறைத் தண்ணீர்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. குழாய்ப் பொத்தல் வழியே பீய்ச்சியடித்த தண்ணீரை டிரைவர் ஒரு பழைய கோணியைச் சுற்றி அடக்கினார். நனைந்த கோணியின் வாசனை மாடிப்படி வரை வந்தது. மற்றவர்களுக்கு மூக்கைப் பிடிக்கத் தோன்றியிருக்கும். எனக்கோ தாத்தா வந்துவிட்டார் என்றுதான் தோன்றியது. ஐம்பது வயதைத் தாண்டியும் இப்படித்தான், வாசனைக்கெல்லாம் மயங்கி நிற்பேன், பக்கெட் வழிந்துவிடும்.

தாத்தா உத்திரமேரூர் ஏரியின் நீர்க்கட்டி. மதகைத் திறப்பது, வாய்க்கால் தண்ணீரை யார் கழனிக்கு எப்போது விடுவது என்று முறை பார்ப்பது, கசியும் மதகை வைக்கோலும் கோணியும் திணித்து அடைப்பது, எல்லாம் அவர் வேலை. ஊரார் நிலத்துக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சியவருக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. அறுவடையில் கழனிக்காரர்கள் கொடுக்கும் நெல்தான் கூலி. ஆனால் தலையில் துண்டைக் கட்டி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வரப்பில் நடந்தால் கலெக்டர் வருவதுபோல இருக்கும். இதை நான் வெளியே சொன்னதில்லை; நிஜக் கலெக்டரைப் பார்த்த பெண் ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது நைனா அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தார். எங்கள் குடும்பம் முதன்முதலாகத் தனக்கென்று நட்ட நெல். அந்த அரிசியில் சோறாக்கி யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அம்மா பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த நவரைப் போகத்துக்கு ஏரியில் தண்ணீர் குறைவு. ஒரு கழனிக்கு எட்டு நாளுக்கு ஒரு முறைதான் என்று ஊரில் முடிவானது. கதிர் வெளிவரும் நேரத்தில் எங்கள் கழனி வெடிக்கத் தொடங்கியது. எங்கள் முறை வர இன்னும் மூன்று நாள் இருந்தது.

அன்று முனுசாமி என்பவரின் முறை. அவர் கழனிக்குப் போகும் தண்ணீர் எங்கள் வரப்பை ஒட்டித்தான் ஓடியது. தாத்தா மதகுப் பக்கம் இருந்தார். நான் காலாலேயே எங்கள் மடையை உடைத்துவிட்டேன். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அப்படியொரு சந்தோஷம் பிறகு என் கல்யாணத்தில்கூட எனக்கு வரவில்லை.

தாத்தா வந்து பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. சேற்றை அள்ளி மடையை அடைத்துவிட்டு, என் கையைப் பிடித்து நேராக முனுசாமி வீட்டுக்கு அழைத்துப் போனார். முனுசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு விஷயமே தெரியாது. நாங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் தெரிந்திருக்கவும் போவதில்லை.

"எம் பேத்தி உங்க தண்ணிய எங்க கயனிக்குத் திருப்பிட்டா. எங்க மொறைய நீங்க எடுத்துக்குங்க."

குழந்தைதானே, விடு என்றார் அவர். தாத்தா விடவில்லை.

"நாளைக்கி இன்னொரு வூட்டுக் கொயந்த தொறக்கும். நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு மூடறது?"

மூன்றாம் நாள் எங்கள் முறைத் தண்ணீர் எங்கள் வரப்பை ஒட்டியே முனுசாமி கழனிக்குப் போனது. தாத்தாவே நின்று அதை விட்டார். எங்கள் பயிரில் பாதி கருகிவிட்டது. அம்மா அழுதாள். நைனா பத்து நாள் தாத்தாவோடு பேசவில்லை. என்னால்தானே என்று நான் யார் முகத்தையும் பார்க்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களிலேயே பெரிய நிலக்காரர் ஒருவர், தன் முறைக்கு முன்பே தண்ணீர் வேண்டும் என்று ஆட்களோடு மதகுக்கு வந்து நின்றார். தாத்தா வாதாடவில்லை. எங்கள் கழனிப் பக்கம் கையைக் காட்டினார்.

"அது எங்க கயனி. பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் பார்த்தார். பிறகு ஆட்களை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. கருகிய பயிரைப் பார்த்துப் பெருமைப்பட்ட பெண் அந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது நீர்க்கட்டியும் இல்லை, முறையும் இல்லை, ஆளுக்கொரு போர்வெல். அதே அரை ஏக்கரைத் தம்பி பின்னாளில் விலைக்கே வாங்கினான். போன வருடம் அதில் ஆழமாக ஒரு போர் போட்டான். பக்கத்துக் கழனிக்காரர் கிணறு வற்றிவிட்டது. ஊருக்குப் போயிருந்தபோது, அவரைப் போய்ப் பார்த்தாயா என்று தம்பியிடம் கேட்டேன்.

"நான் எதுக்குக்கா போவணும்? எங் கயனிலதான போட்டேன்?"

சட்டப்படி அவன் சொல்வது சரிதான். தாத்தா இருந்திருந்தால் அவன் கையைப் பிடித்து அந்த வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பார். நான் மூன்றரை மணி பஸ்ஸைப் பிடித்துச் சென்னைக்கு வந்துவிட்டேன்.