ஏழு துளைகள்

பைன் மரங்களுக்கு வாய் இருந்திருந்தால் அந்த ஏழும் அவள் பேரைத்தான் சொல்லியிருக்கும். மர ஆராய்ச்சிப் பண்ணையின் சோதனைக்கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பவள்; கைச்சுத்தத்துக்குப் பேர்போனவள். அப்பேர்ப்பட்டவள்தான் அன்று கருவி கழுவும் ஸ்பிரிட் தீர்ந்துபோனதும் சோம்பல்பட்டாள். சீக்கு மரத்தைத் துளைத்த கருவியைத் துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு, அடுத்தடுத்து ஏழு நல்ல மரங்களைத் துளைத்து மாதிரி எடுத்தாள்.

நாலே மாதத்தில் ஏழிலும் பிசின் வழிந்தது. பழி கிளை வெட்டும் ரம்பக்காரர் தலையில் விழுந்தது. ரம்பத்தைக் கழுவாமல் பூஞ்சையைப் பரப்பிவிட்டாராம். வெள்ளிக்கிழமை சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பேச்சு.

"என் ரம்பம் என்னைவிட அதிகமாக் குளிக்குது தங்கச்சி. நீயே பார்த்திருக்கல்ல?" என்றார் அவர்.

பார்த்திருந்தாள். மரத்துக்கு மரம் ஸ்பிரிட்டில் முக்குவார் மனுஷன்.

மரபணுச் சோதனையைச் செய்தவளும் அவளே. சீக்கு மரத்தின் பூஞ்சையும் ஏழின் பூஞ்சையும் அச்சு அசல் ஒன்று. பட்டை முழுசாக இருந்தால் அது உள்ளே நுழைவது கஷ்டம். காயம் கிடைத்தால் போதும், நொதிகளைக் கக்கி மரச்செல்லின் சுவரைக் கரைக்கத் தொடங்கிவிடும். மரமும் லேசுப்பட்டதல்ல. பூஞ்சையின் துணுக்குகளை மோப்பம் பிடித்து, செல்லுக்குச் செல் எச்சரிக்கை அனுப்பிப் பிசினைக் கொட்டும். பூஞ்சையோ பொடிப்பொடிப் புரதங்களைச் செலுத்தி அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும். நோய் தொடங்கிய இடம் எது? ரம்பம் பட்ட கிளை ஒன்றுகூட இல்லை. ஏழிலும் அவள் போட்ட துளைதான்.

முடிவுத்தாளை டிராயரில் பூட்டிவிட்டுச் சோறு இறங்காமல் திரிந்தாள். சீ, நானும் ஒரு மனுஷியா என்று கண்ணாடியைப் பார்க்கவே கூசினாள்.

வெள்ளிக்கிழமை இயக்குநர் அறைக்குள் போய்த் தாளை நீட்டினாள். "அவர் மேல தப்பே இல்ல சார். கழுவாமத் துளைச்சது நான்தான்."

ரம்பக்காரரின் வேலை தப்பியது. அவளுக்கு மெமோ வந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரம்பக்காரர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"இந்தத் தாள் உன் கைக்கு எப்ப வந்துச்சு தங்கச்சி?"

"போன வாரம் வியாழக்கிழமைண்ணே."

"எட்டு நாளு" என்றார். "எட்டு நாளா என் பொண்டாட்டி அழுதுட்டிருக்கா."

ஏழு மரங்களையும் வெட்டச் சொல்லி உத்தரவு. அவர் ரம்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவள் ஸ்பிரிட் பாட்டிலோடு ஓடிப்போய் வாசலில் நின்றாள்.

"நானும் கூட வர்றேண்ணே."

"வழி விடுங்க மேடம்" என்றார்.