கனவில் தின்ற பாதுஷா

காசிக்குப் போனால் பிடித்த பொருள் ஒன்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டமே ரயிலேறிப் போனது. எதிர்வீட்டுக்காரர் பாகற்காயை விட்டார். பிறந்ததிலிருந்தே அதைத் தொட்டவர் இல்லை. அவர் மனைவி பேரிக்காயை விட்டாள். அதைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கங்கையையே ஏமாற்றிவிட்டு வந்த அந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான் ஏமாளி. சர்க்கரையை விட்டுவிட்டு வந்து நின்றார்.

சாதாரணச் சர்க்கரைப் பிரியரா அவர்? காப்பி குடித்து முடித்தால் டம்ளர் அடியில் விரலால் வழித்துத் தின்னும் அளவுக்குச் சர்க்கரை நிற்க வேண்டும். ஆனால் ஆரணியில் கொடுத்திருந்த எங்கள் ஒரே மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவதாவது தங்க வேண்டும் என்று கங்கையில் நின்று வேண்டிக்கொண்டாராம். அவர் திரும்பி வந்த மறுமாதமே மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று தகவல் வந்தது. "பாத்தியாமே" என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. அது அடிக்கடி நடப்பதில்லை.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். எங்கள் ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சர்க்கரைப் பொங்கலை நீட்டுவார்கள். வாங்காவிட்டால் சாமி குற்றம், வாங்கித் தின்றால் சத்தியம் போச்சு. பிரசாதம் கொடுக்கும் நேரம் பார்த்து நழுவிவிடுவார். அதையும் சமாளித்தார். கனவைத்தான் சமாளிக்க முடியவில்லை.

ஒருநாள் காலையில் முகம் வெளிறிப்போய் எழுந்து வந்தார்.

"துன்னுட்டேன்மே."

"எத?"

"பாதுஷா. கனவுல."

"கனவுலதானே?"

"விடிகாலைக் கனவு பலிக்கும்னு நீதானே சொல்லுவ? துன்னது துன்னதுதான். சத்தியம் போச்சுன்னா பொண்ணுக்கு இன்னா ஆவறது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. பயத்தை மறைக்கக் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அதிலிருந்து ஒரு நாள் ஜாங்கிரி, ஒரு நாள் மைசூர்பாகு. தூங்கவே பயந்தார். கண் சிவந்துபோய்த் தறியில் உட்கார்ந்தால் இழை அறுந்தது தெரியாமல் நெய்தார்.

பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் ஒருவர் இருந்தார். முதுகுவலிக்கார நெசவாளிகளுக்குச் சாயங்காலம் குளத்து மண்டபத்தில் ஆசனம் சொல்லிக்கொடுப்பார். "சவாசனம் பண்ணுபா. கட்ட மாதிரி தூங்குவ, கனவே வராது" என்றவர், "அது கெடக்கட்டும், சக்கரையதானே விட்ட? வெல்லத்த விடலயே?" என்றும் வழி சொன்னார்.

"இனிப்புன்னு நெனச்சிதான் சார் விட்டேன். கங்கைக்குத் தெரியாதா?"

மாஸ்டருக்குப் பள்ளிக்கூடப் பழக்கம் போகவில்லை. "உடம்பைத் தளர்த்து!" என்று அவர் போடும் அதட்டலில் தளர்ந்து கிடந்தவனும் விறைத்துப்போவான். ஒருநாள் அந்தப் பக்கம் போனபோது நானே பார்த்தேன். என் வீட்டுக்காரர் நிஜமாகவே பிணம் மாதிரி கிடந்தார், வலது காலைத் தவிர. அது பாட்டுக்குத் தறி மிதித்துக்கொண்டிருந்தது.

சவாசனத்தால் தூக்கம் வந்தது உண்மை. கனவும் துலக்கமாக வந்தது. முன்பு மங்கலாகத் தெரிந்த ஜாங்கிரியில் இப்போது சுற்றுகளை எண்ண முடிகிறதாம். "கண்ணாடி போட்ட மாதிரி இருக்குதுமே" என்றார், அழாத குறையாக.

ஏழாம் மாதம் வளையல் அடுக்கி மகளை அழைத்து வந்தோம். வீடு நிறையப் பலகாரம். அந்த அறையை இவர் மூச்சை அடக்கிக்கொண்டு கடந்துபோவார். மழை பிடித்து மண்டபம் ஒழுகியதால் மாஸ்டரின் வகுப்பும் நின்றுபோனது. இனி யார் சொல்லித் தளர்வது என்று இவர் புலம்ப, எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"படுங்க, நான் சொல்றேன்" என்றேன். மதியச் சாப்பாடு முடிந்த நேரம்.

"கால் கட்டவெரல் தளரட்டும். முட்டி தளரட்டும். வயிறு தளரட்டும்." வரிசையாக ஏறிக்கொண்டே வந்து வாயண்டை நின்றேன். "வாய் மட்டும் தளரக் கூடாது. பல்லக் கடிச்சிக்கினு கெட்டியா இருக்கட்டும்."

தூங்கி எழுந்தவர் துள்ளிக் குதித்தார். "வாயே தொறக்கலமே! பாதுஷா ஒதட்டாண்ட வந்துது, தாடை பூட்டிக்கினு நின்னுது!"

விஷயம் தெரியாத மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பாவுக்குப் பல்வலி போயிடுச்சி" என்று சொல்லிவைத்தேன்.

அன்றிலிருந்து நான்தான் அவருக்கு மாஸ்டர். கொஞ்ச நாளில் கனவுக்குள்ளேயே நான் கரண்டியை ஓங்கிக்கொண்டு வந்து தடுக்க ஆரம்பித்தேனாம். அங்கேயும் நிம்மதி இல்லை என்று அதற்கொரு குறை.

மகளுக்கு வலி கண்ட சாயங்காலம் அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். அவர் வீட்டில் தனியாகப் படுத்தார். மறுநாள் காலையில் வந்தவர் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முழு லட்டு" என்றார். "நீ வரவே இல்லமே."

அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே மகள் கத்திக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கங்கைத் தாயே, இந்த மனுஷன் தின்றது கனவில், அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே என்று மனசுக்குள் மன்றாடினேன். பதிலுக்கு நான் எதை விடுவது என்றுகூடத் தோன்றவில்லை.

உச்சிப்பொழுதில் பெண் குழந்தை பிறந்தது, கையையும் காலையும் உதைத்துக்கொண்டு. குழந்தையின் நாக்கில் முதலில் சர்க்கரைத் தண்ணீர் வைப்பவரின் குணம் அதற்கு வரும் என்பார்கள். ஆரணியிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மாள் கிண்ணத்தை என்னிடம்தான் நீட்டினார். "அப்பா வைக்கட்டும்" என்றாள் மகள், அவசரமாக. என் குணம் அவளுக்குத் தெரியாதா?

அவர் விரலைத் தோய்த்து வைத்தார். குழந்தை சப்புக்கொட்டியது. எல்லோர் முன்னாலும் அழுதார், மறைக்கக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அந்த ஈர விரலை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டே குழாயடிக்குப் போய்க் கழுவினார். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினார்.

"இன்னும் எதுக்குங்க இது? அதான் கொழந்த பொறந்துடுச்சே" என்றேன்.

"அது வளர வேணாமா?" என்றார்.

ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கட்டைவிரலில் ஆரம்பிப்பதற்குள் குறட்டை வந்துவிட்டது. வலது காலைப் பார்த்தேன். அது அசையவே இல்லை.