தலைக்கவசங்கள் சுமந்த குரல்

என் வீட்டுக்காரியைச் சுரங்கப்பாதை வேலையில் எல்லோரும் ‘பெட்டியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரின் தலைக்கவசத்திலும் தீப்பெட்டி அளவில் ஒரு வயர்லெஸ் பெட்டி இருக்கும். அதற்குச் சார்ஜ் போட்டு, பேசிப் பார்த்து, மாட்டிவிடுவது அவள் வேலை. முன்பு செல்போன் ரிப்பேர் கடையில் இருந்தவள். வாய் கொஞ்சம் நீளம். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனவன் அன்றைக்குத் தொலைந்தான்.

மலைக்குள் சிக்னல் எடுக்காது. கேபிள் இழுத்தால் இயந்திரம் அறுத்துவிடும். அதனால் பேச்சு ஒரு தலையிலிருந்து பக்கத்துத் தலைக்குத் தாவித் தாவிப் போகும். ஆட்கள் நகர நகரப் பெட்டிகளே புது வழி தேடிக்கொள்ளும். எங்களுடையது இரட்டைச் சுரங்கம், நடுநடுவே குறுக்குவழிகள். ஒரே பேச்சு இரண்டு பக்கமும் கிளம்பும். ஒன்று அறுந்தாலும் மற்றது கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

“ஊர்வம்பு பரவுற மாதிரின்னு சொல்லு,” என்றேன் ஒருநாள்.

“வம்பு போற வழியில மாறிடும். இது சொன்னது சொன்னபடி போகும். நீங்க போய் லாரிய எடுங்க.”

அன்று மண் ஏற்ற வாசலில், அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இடது சுரங்கத்தின் கோடியில் கூரை சரிந்தது. அங்கே துளை போட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி, நாங்கள் ஒல்லி என்று கூப்பிடும் என் மச்சினன், சரிவுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். மண்ணுக்கு மேலே இருந்த சின்ன இடைவெளி வழியாக அவன் பெட்டி பேசியது. தொடையைக் கம்பி கிழித்துவிட்டது, ரத்தம் கொட்டுகிறது என்றான். ஓடி வந்த கேம்ப் டாக்டர் அவள் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, எங்கே கட்டுவது என்று சொல்லத் தொடங்கினார்.

மலை மறுபடி உறுமியது. உள்ளே ஒருவரும் இருக்கக்கூடாது என்றார் இன்ஜினியர். அதை அறிவிக்க வேண்டியவள் இவள்தான். ஆட்கள் வெளியே வந்துவிட்டால் தம்பியின் குரல் அறுந்துவிடும், அப்புறம் கட்டத் தெரியாமலே அவன் செத்துப்போவான். நிற்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“எல்லாரும் வெளிய வாங்க. உடனே வாங்க,” என்றாள். குரல் நடுங்கவில்லை, கைதான் மேசையை இறுகப் பிடித்திருந்தது.

அவள் மேசைத் திரையில் ஆளுக்கொன்றாக இருந்த புள்ளிகள் வாசலை நோக்கி நகர்ந்தன. திடீரென்று ஒன்று நின்றது. அதற்கு முன்னால் இன்னொன்று. இரண்டு சுரங்கத்திலும் இடைவெளி விட்டு வரிசையாக நின்றுவிட்டார்கள். அம்மாடி! பேச்சு அறுந்துவிடக்கூடாது என்றுதான் நிற்கிறார்கள். இடது பக்கம் மறுபடி மண் கொட்டியதும் அங்கே நின்றவர்கள் பின்வாங்க, அந்த வழி அணைந்தது. வலது பக்கம் குறுக்குவழியாக ஒரு சொல் சிந்தாமல் கொண்டுபோனது.

“முடிச்சுக்குள்ள குச்சியக் குடுத்து முறுக்குப்பா. இன்னும் இறுக்கு.”

“ரத்தம் நின்னுடுச்சு டாக்டர்.”

மாலைக்குள் மண்ணை விலக்கி அவனை உயிரோடு தூக்கி வந்தார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் இவள், நின்றவர்கள்மேல் பாய்ந்தாள். கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர்.

“காது செவிடா உங்களுக்கெல்லாம்? வெளிய வாங்கன்னு சொன்னது கேக்கலையா?”

நின்றவர்களில் ஒருவரான வெல்டர் தலைக்கவசத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினார்.

“கேட்டுச்சுக்கா. எங்களுக்குக் கேட்டா அவனுக்கும் கேட்டிருக்கும்ல? கூடப்பிறந்த அக்காவே எல்லாரையும் வரச் சொல்லிடுச்சு. நாங்களும் வந்துட்டா, அவன் என்னக்கா நினைப்பான்?”

தலைக்கவசத்தை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.