ஓட்டுநர் கைதட்டிய வாசிப்பு

நகரப் பேருந்துப் பணிமனையில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். மஞ்சள் விளக்கைக் கண்டாலே வண்டியை நிறுத்திவிடுவார் என்று சக ஓட்டுநர்கள் வைத்த பெயர் அது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். “முந்திப் போய் என்னத்தைக் கிழிக்கப் போறேன்?” என்பார்.

ஒரே மகள், பியானோ படித்தாள். உறவினர் ஒருவர் வீடு மாறும்போது விட்டுப்போன பழைய பியானோ முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. மீதிப் பாதியில் மனைவியின் தையல் மெஷின். சாயங்காலமானால் மகள் வாசிப்பாள், தாய் தைப்பாள். அவருக்கு எப்போதும் மாலை ஷிப்ட். வீடு திரும்பும்போது பியானோ மூடிக் கிடக்கும்.

இளம் மாணவர்களுக்கான நவீன பியானோ இசை விழா ஆண்டுதோறும் நடக்கும். இந்தக் காலத்து இசையமைப்பாளர்கள் எழுதியதைத்தான் அங்கே வாசிக்க வேண்டும். அந்த ஆண்டு மகள் எடுத்துக்கொண்டது விசித்திரமான ஒன்று. நடுநடுவே பியானோவின் மரத்தைத் தட்ட வேண்டும்; உள்ளே கைவிட்டுக் கம்பியைச் சுண்ட வேண்டும்; சில இடங்களில் வெகுநேரம் சும்மா இருக்க வேண்டும். விடுமுறை நாளொன்றில் அதை அரைகுறையாகக் கேட்டவர், “என்னம்மா இது, பாத்திரம் உருட்டுற மாதிரி இருக்கு?” என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். மனைவி ஊசியில் நூல் கோத்தபடி, “கடைசிப் பக்கம் வரட்டும், அப்புறம் பேசுங்க. கேட்டா கல்லும் கரைஞ்சிடும்” என்றாள்.

“அப்படியா? அப்போ விழாவுலயே கேட்டுக்கிறேன்.”

விழாவுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, தைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே மெஷின் மேல் சாய்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். தகவல் வந்தபோது அவர் வண்டி நிறையப் பயணிகளோடு பாலத்தின் மேல் இருந்தார். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

“இந்த வருஷம் விழா வேணாம்மா” என்றார். மகள் கேட்கவில்லை. தாய் பாதி தைத்து வைத்திருந்த கறுப்பு உடையை எடுத்து வந்தாள். கை ஓரத்தை அவரே மடித்துத் தைத்தார். கோணல்மாணலாக வந்தது. அவள் அதையே போட்டுக்கொண்டாள்.

மேடையில் நன்றாகத்தான் தொடங்கினாள். மரத்தைத் தட்டினாள், கம்பியைச் சுண்டினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது. சற்றுப் பொறுத்து எழுந்து தலைகுனிந்தாள். முதலில் கைதட்டியது அவர்தான். எழுந்து நின்று உள்ளங்கை சிவக்கத் தட்டினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். முன்வரிசையில் பியானோ டீச்சர் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை.

வெளியே நடைவழியில் மகளைப் பிடித்துக்கொண்டார். “அசத்திட்டம்மா! அம்மா சொன்னது சரிதான். அந்தக் கடைசி இருக்கே…”

“அப்பா, போதும்.” அவள் சுவரில் சாய்ந்தாள். “நான் முடிக்கல. கடைசிப் பக்கம் வரவே இல்ல. வீட்டுல அந்த இடத்துல எப்பவும் அம்மாவோட மெஷின் சத்தம் கேட்டுட்டே இருக்கும். இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல, எல்லாம் மறந்துபோச்சு. என்ன பண்றதுன்னு தெரியாம உக்காந்திருந்தேன். நீங்க கைதட்டுறீங்க.”

சிவந்த உள்ளங்கைகளை அவர் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அம்மாவா இருந்தா தெரிஞ்சிருக்கும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

அவர் டீச்சரிடம் ஓடினார். “இன்னொரு தடவை வாசிக்க விடுவாங்களா?”

“விடுவாங்க. நானே கேட்டுட்டேன். அவதான் முடியாதுன்னுட்டா.”

மறுவாரமே காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டார். சாயங்காலங்களில் முன்னறையில் காத்திருந்தார். பியானோ திறக்கவில்லை. ஒருநாள் தயங்கித் தயங்கி, “எனக்காக அந்தக் கடைசிப் பக்கத்தை வாசியேம்மா” என்றார். அவள் வந்து உட்கார்ந்து, மூடியைத் திறந்து, விரல்களைக் கட்டைகளின் மேல் வைத்தாள். வைத்த விரல் வைத்தபடியே இருந்தது.

“வரலப்பா.”

“சரி விடும்மா. வா, சாப்பிடலாம்.”

பள்ளிப்படிப்பு முடிந்ததும் அவள் வேறு ஊருக்குப் படிக்கப் போனாள். பியானோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அதை ஏற்றி அனுப்ப வந்த டீச்சர், அதே இசையை வேறொருவர் வாசித்த ஒலிப்பதிவு தன்னிடம் இருக்கிறது, கேட்கிறீர்களா என்றார்.

“வேணாம் டீச்சர்” என்றார் அவர். “அது யாரோ வாசிச்சது.”